விரிசல் இல்லை

மின்விசிறியைத் துடைக்க ஸ்டூல் தேவைப்படவில்லை என்பதை மதிவதனி துடைத்து முடித்த பிறகுதான் கவனித்தாள். ஈரத்துணியை மடித்துப் பிடித்து, கையை உயர்த்தி, மூன்று இறக்கைகளிலும் படிந்திருந்த பிசுக்கை வழித்தெடுத்து, கறுத்துப்போன துணியை வாளியில் அலசிக்கொண்டு நின்றபோது ஸ்டூல் அறை மூலையில் போட்டது போட்டபடி கிடந்தது. போன தீபாவளிக்கு அதன் மேல் ஏறி, நுனிக்காலில் எம்பி, கழுத்து சுளுக்கிக்கொள்ளும்வரை துடைத்தது நன்றாக ஞாபகமிருந்தது. அப்போதும் இதே மின்விசிறிதான், இதே கம்பிதான், இதே அவள்தான். அதிசயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அது அவளிடம் இல்லை. துணியைப் பிழிந்து காயப்போடப் போய்விட்டாள்.

அந்த அறையில் படுத்திருந்தவர் அவளுடைய மாமனார் துரைராசு. பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பேச்சில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தது. "வேணாம்." பசித்தாலும் வேணாம், படுக்கை நனைந்தாலும் வேணாம், வலித்தாலும் வேணாம். எந்த வேணாமுக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்கும் வேலையும் மதிவதனியுடையதுதான். வேறு யார் கை பட்டாலும் மனிதர் கத்தித் தீர்ப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையன்கள் தூக்கிவிட வந்தபோது கத்தியே மூச்சடைத்து உதடு நீலம்பாரித்துவிட்டது. டாக்டர் வந்து அவளைத்தான் திட்டினார்.

அன்றிலிருந்து புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் அவள் ஒருத்தியின் முதுகில். கணவன் செந்தில்குமார் தோஹாவில் இருக்கிறான். மகள் வானதி திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். குடவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊர், "மதி தாங்குற பொண்ணு" என்று வாயாரப் பாராட்டிவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விடும்.

மறுநாள் மாமாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதுதான் அவர் தன்னைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. அவருடைய நல்ல கண் மேலே தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் நிமிர்ந்து பார்த்தாள். தளத்தின் நடுப்பகுதி, மின்விசிறி தொங்கும் இடம், சாப்பிட்டு மல்லாந்து படுத்தவன் வயிறு போல லேசாகக் கீழே உப்பியிருந்தது.

மேலே நெல் இருந்தது.

குறுவை அறுவடை முடிந்த அன்றே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டுப் பார்த்து, ஈரப்பதம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாங்க என்று சொல்லிவிட்டார்கள். எங்கே காயவைப்பது? வெயிலே இல்லை. ரோட்டில் ஊரே தார்ப்பாயை விரித்து நெல்லுக்குக் காவல் இருந்தது. மாமாவை விட்டுவிட்டு அவளால் ரோட்டில் போய் உட்கார முடியாது. செந்தில்குமார்தான் போனில் வழி சொன்னான்.

"மாடி ரூம் சும்மாதானே கிடக்கு. அதுல அடுக்கிடு. ரெண்டு நாள் பொறுத்துக்க, வெயில் வந்துரும்."

ஈர நெல்லை மூடிய அறையில் அடுக்கினால் சூடு கிளம்பும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். செந்தில்குமாருக்கும் தெரியும், மதிவதனிக்கும் தெரியும், மூட்டை தூக்க வந்த மருதையனுக்கும் தெரியும். ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது, நனைந்தால் முளைத்துவிடும். மருதையனின் ஆட்கள் அவசர அவசரமாகச் சுவரோடு சுவராக, இடுக்கே இல்லாமல், உச்சிவரை அடுக்கினார்கள். சாரல் அடிக்காமல் இருக்க ஜன்னலையும் சாத்தினார்கள். இரண்டு நாள்தானே என்று எல்லோரும் சேர்ந்துதான் நினைத்தார்கள். அந்த இரண்டு நாள் போய் எத்தனையோ நாளாகிவிட்டது.

பொறுக்க முடியாமல் அவள் தியாகராசன் மேஸ்திரியை வரவழைத்தாள். வீட்டைக் கட்டியவரே அவர்தான். அவர் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு வந்து, கரண்டிப் பிடியால் தளத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். டார்ச் அடித்து நாலு மூலையும் பார்த்தார்.

"விரிசல் இல்லைம்மா. ஒரு மயிரிழைகூட இல்லை. காங்கிரீட்டு தாங்கலைன்னா முதல்ல விரிசல் விட்டுச் சொல்லிரும். இது சொல்லலை. அப்போ தாங்குதுன்னு அர்த்தம்."

"தொட்டுப் பாருங்க மேஸ்திரி. சுடுது."

அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். வேட்டியில் கையைத் துடைத்தபடி, "நெல்லுச் சூடு," என்றார். "உங்க மனசுக்காக ரெண்டு சவுக்கு முட்டு குடுத்துட்டுப் போறேன்." நல்ல கனமான சவுக்குக் கழிகள் இரண்டைக் கொண்டுவந்து, அடியில் பலகை வைத்து, கட்டிலின் இரு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து ஆப்பு அடித்தார். பிறகு கும்பகோணத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வானதி போன் செய்தாள். மதிவதனி வழக்கமாக மகளிடம் எதையும் சொல்லமாட்டாள், அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

"அதுக்குப் பேரு க்ரீப்மா," என்றாள் வானதி, பரீட்சைக்குப் படித்தது கைகொடுத்த உற்சாகத்தில். "ஒரு பொருள் உடையணும்னா பெரிய பாரம் வேணும்னு நாம நினைக்கிறோம். தேவையே இல்லை. தாங்கக்கூடிய பாரமே போதும். அதை எடுக்காம அப்படியே வச்சிருக்கணும், கூடக் கொஞ்சம் சூடும் இருக்கணும். இரும்பே கொஞ்சம் கொஞ்சமா நெளிஞ்சு இறங்கிரும். வெளியில ஒண்ணுமே தெரியாது."

"பாரத்தை எடுத்துட்டா நிமிந்துருமா?"

"ம்ஹும். போனது போனதுதான். முதல்ல கொஞ்சம் வேகமா இறங்கும். அப்புறம் ரொம்ப நாளைக்கு மெதுவா, ஒரே சீரா. அப்போ எல்லாரும் சரியாயிருச்சுன்னு நினைச்சுக்குவாங்க. கடைசியில..."

"கடைசியில?"

"பஸ் வந்துருச்சும்மா. அப்புறம் பேசறேன். நீ சாப்பிட்டியா? உன் குரலே சரியில்லை."

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தாள். தளம் எப்படி இறங்குகிறது என்பதைவிட, யாரோ ஒருவர் தன் குரலைக் கவனித்ததையே அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் சவுக்குக் கழிகள் இரண்டும் வளைந்திருந்தன.

ஒடியவில்லை. பட்டை பிளக்கவில்லை, ஒரு நார் உரியவில்லை. பச்சை மூங்கிலை வளைத்த மாதிரி இரண்டும் வழுவழுவென்று வளைந்து நின்றன. அடியில் வைத்த பலகை நடுவில் குழிந்திருந்தது. பலகைக்கு அடியில் டைல்ஸும் குழிந்திருந்தது. சேற்றில் காலை ஊன்றியது போல, ஓரம் சற்று மேலே பிதுங்கி, ஆனால் கீறல் இல்லாமல். அவள் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மேலே மூட்டைகளுக்குள்ளிருந்து மெல்லிய சரசரப்பு, நெல் நெல்லின் மேல் நழுவிக் கீழே கீழே இடம் தேடிப் போகும் சத்தம், விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. புளித்த கஞ்சியின் வாடையும் வைக்கோல் அவிந்த வாடையும் சேர்ந்து தளத்தின் வழியாக இறங்கி, மாமாவின் போர்வையிலும் அவள் தலைமயிரிலும் குடியேறியிருந்தன.

போட்டோ எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். "நேராத்தானே இருக்கு? நீ தூங்கு கொஞ்சம்," என்று பதில் வந்தது. அவளும் போட்டோவைப் பார்த்தாள். தளம் நேராகத்தான் தெரிந்தது. மேஸ்திரி போனை எடுக்கவில்லை. மருதையனோ, கொள்முதல் நிலையத்திலிருந்து முறை வரட்டும் தங்கச்சி, ஒரே தூக்காத் தூக்கிடலாம், இப்ப எறக்கி எங்க வைக்கிறது, என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். மாமா மட்டும் மேலே பார்த்து, "வேணாம், வேணாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரை அந்த அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. நெல் கெட்டால் கெடட்டும், வீடு போனால் போகட்டும்; ஓட முடியாத மனிதர் மேல் இது இறங்கக் கூடாது. கட்டில் வாசலில் நுழையாது. ஆளைக் கூப்பிட்டால் கத்துவார். ஆக, அவள்தான்.

பிற்பகலில் மழை வலுத்தது. கரண்ட் போயிற்று. மூன்று மணிக்கே அறை இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் பாயை விரித்துவிட்டு மதிவதனி உள்ளே நுழைந்தபோது மின்விசிறி அவள் முகத்துக்கு நேராக நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கட்டிலருகே போனாள். விரிப்பின் நாலு முனையையும் முடிச்சுப் போட்டு, மாமாவை அங்குலம் அங்குலமாக ஓரத்துக்கு இழுத்து, முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள் என்று தன் மடியில் வாங்கித் தரைக்கு இறக்கினாள். அவர் கத்தவில்லை. அவருடைய மூச்சு அவள் காதில் சூடாகப் பட்டது. விரிப்பைப் பற்றிக்கொண்டு, குனிந்தபடியே வாசலை நோக்கிப் பின்பக்கமாக இழுக்கத் தொடங்கினாள்.

பாதி வழியில் பிடரியில் ஏதோ பட்டது.

நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அவள் இன்னும் குனிந்தாள். அதுவும் இன்னும் இறங்கியது. தளம். உடம்புச் சூட்டில் இருந்தது. பிடரியில், தோள்களில், முதுகில், அவளுடைய எலும்புகளின் மேடு பள்ளம் பார்த்துப் பதமாக அமர்ந்தது. ஆள் முதுகில் மூட்டை வைப்பவன் சரியாக வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுவானே, அது போல ஒரு சின்ன அதிர்வு. பிறகு பாரம்.

முழுப் பாரமும்.

அவள் நகர்ந்தால் அது மாமா மேல் இறங்கும். நகரவில்லை. கைகளைத் தொடையில் ஊன்றி நின்றாள். மூச்சு விட முடியவில்லை. மேலே நெல் சரசரத்தது. ஒற்றைக் காலால் விரிப்பை வளைத்துத் தன்னைத் தாண்டி வாசல் பக்கம் உந்தினாள். மாமா கொஞ்சம் நகர்ந்தார். இன்னொரு உந்து. இன்னும் கொஞ்சம். அவர் வாசற்படியைத் தாண்டும்வரை அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலிக்கவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. வலிக்கவேயில்லை. உள்ளே ஏதோ இளகி, இடம் கொடுத்து, மெதுவாக ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்துகொண்டிருந்தது.

பிறகு ஊர்ந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அன்றைக்குப் பிறகு தளம் இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் தினமும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள். பிடரியில் மட்டும் ஒரு சூடு நின்றுவிட்டது. தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், போகவில்லை. நைட்டி தரையில் புரண்டு காலைத் தடுக்கியது. துவைத்துத் துவைத்து நீண்டுவிட்டது என்று கீழே மடித்துத் தைத்தாள். அடுத்த நாளே மறுபடியும் தடுக்கியது. கூடத்து சுவிட்சைப் போட எம்ப வேண்டியிருந்தது. கேஸ் அடுப்பின் மேல் வைத்த பாத்திரத்துக்குள் என்ன கொதிக்கிறது என்று தெரியவில்லை. அலுப்புதான், என்று சொல்லிக்கொண்டாள். உடம்பு அலுத்தால் எல்லாமே எட்டாமல்தான் போகும்.

கூடத்துப் பாயில் கிடந்த மாமா இப்போது மேலே பார்ப்பதில்லை. அவளைப் பார்த்தார். அவள் சமையலறைக்குப் போனாலும், கொல்லைக்குப் போனாலும், திரும்பி வரும்போது அந்த நல்ல கண் வாசற்படியிலேயே காத்திருந்தது. "தண்ணி வேணுமா மாமா?" "வேணாம்." "காலு மரத்துருச்சா?" "வேணாம்." எந்த வேணாம் என்று இந்தத் தடவை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு வழியாக வெயில் வந்தது. ஈரப்பதத்தில் கொஞ்சம் தளர்வு கொடுத்திருக்கிறார்கள் என்று மருதையன் ஆட்களோடும் வண்டியோடும் வந்தார். மாடிக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த ஆவியில் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள் மூட்டைகள் கையை வைக்க முடியாதபடி கொதித்தன. தலையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒவ்வொரு மூட்டை படியிறங்கும்போதும் மதிவதனி பெருமூச்சு விட்டாள். கடைசி மூட்டையும் வண்டி ஏறியது. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். மகள் சொன்னது சரிதான். தளம் அப்படியே வளைந்து நின்றது.

"விரிசல் இல்லை பாருங்க," என்று மருதையனும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். போகும்போது, கேட்காமலே, இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு மாமாவைப் பாயிலிருந்து தூக்கி நார்க்கட்டிலில் போட்டார். மாமா கத்தவில்லை. அவர் கண் மதிவதனியின் மேலேயே இருந்தது. "நீங்கதான் ஓஞ்சு போயிட்டீங்க தங்கச்சி. ஒடம்பைப் பாத்துக்கங்க," என்றபடி மருதையன் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். குனிந்தபடியே அவள் முகத்தை நேருக்கு நேராக ஒரு கணம் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

வீடு அமைதியாயிற்று. நெல்லின் சரசரப்பும் இல்லை. செந்தில்குமாரின் வீடியோ கால் வந்தது. சாப்பாட்டு மேஜையில் செம்பைச் சாய்மானமாக வைத்து, போனை அதில் சாய்த்து நிறுத்தி, வழக்கமாக நிற்கும் இடத்தில் அவள் நின்றாள்.

"எல்லாம் ஏத்தியாச்சா? நான்தான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு." அவன் சிரித்தான். "மதி, முகமே தெரியலையே. நெத்திதான் தெரியுது. ஏன் தரையில உக்காந்துருக்கே?"

போனின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் அவள் தன்னைப் பார்த்தாள். மேஜை விளிம்பு. அதற்கு மேலே ஒரு வகிடு, ஒரு நெற்றி, பொட்டு.

"நிக்கிறேங்க," என்றாள்.

"என்னது? கேக்கலை. சரி, தாளடி நடவுக்கு ஆள் சொல்லிடு. நான் இந்த வருஷம் வர முடியாது போல, நீதான் கூட நின்னு பாத்துக்கணும்." பிடரிச் சூடு தோளுக்குப் பரவியது. கட்டத்தில் பொட்டு மறைந்தது. "அப்பாவுக்கும் உன்னை விட்டா யாரு? நர்ஸ் போட்டா கத்துவாரு." நெற்றி மறைந்தது. "ரெண்டு மாசம் பொறுத்துக்க. பொங்கலுக்குப் பாக்கலாம்." வகிடு. "நீ தாங்குவே மதி. எனக்குத் தெரியும்."

கட்டத்தில் மேஜை விளிம்பு மட்டும் இருந்தது.

வலிக்கவில்லை. ஒரு நரம்பு தெறிக்கவில்லை. ஒரு கீறல் இல்லை. நைட்டி அவளைச் சுற்றித் தரையில் வட்டமாகப் பரவியிருந்தது. முழங்கால்களை நிமிர்த்திப் பார்த்தாள். நிமிர்ந்துதான் இருந்தன. மேலே, எட்டாத உயரத்தில், அவன் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். இத்தனை வருஷமும் கீழேயிருந்து அவளை அண்ணாந்து பார்த்த அந்த நல்ல கண், நார்க்கட்டிலின் தலையணையில் இருந்தபடி, அவளுடைய கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"வேணாம்," என்றார் மாமா.

அவள் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய கண் அவளைத் தொடர்ந்து, இன்னும் சற்றுக் கீழே இறங்கியது.